இந்த ஊர்க் காற்றுக்கு

கோலார் தங்க வயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றோடு பார்த்தால் இங்கே காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம் போலக் குறைவு. மூச்சு விடுகிறவருக்கு இது தெரியாது. மரம் அறுக்கும் செயின் சாவின் கார்புரேட்டருக்குத் தெரியும். கடலோர ஊரில் சரியாக இருந்த திருகு இங்கே வந்ததும் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். மெக்கானிக்குகள் சொல்கிற மாதிரி, கலவை ‘ரிச்’ ஆகிவிடும்.

இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கிற இன்னொன்றும் வந்திருக்கிறது. பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே திருகில் கலவை ‘லீன்’ ஆகிறது. உயரம் ஒரு பக்கம் தள்ளுகிறது, எத்தனால் மறுபக்கம் தள்ளுகிறது. நடுவில் அந்தச் சின்ன என்ஜின் எங்கே நிற்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டால் முழுதாகப் பிடிபடாது. இந்த ஊர் பங்க்கில் பெட்ரோல் வாங்கி, இந்த ஊர்க் காற்றில் ஓடவிட்டு, காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். புது மிஷினை ஓட்டிப் பார்க்காமல் விற்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு முதல் காரணம் இது.

*

பெட்டிக்குள் என்ஜின், செயின் சுற்றி ஓடும் பார், செயின், பல் தீட்டும் அரம், ஸ்பானர், கையேடு. கையேட்டை முதலில் எடுத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு மாடலும் ஒரு மாதிரி கேட்கும். சிலதுக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் போதும், சிலதுக்கு 40 மில்லி. பழகிய கை இரண்டுக்கும் ஒரே அளவில் ஊற்றிவிடும். அளவுக் குவளையை எடுக்காமல் ஊற்றக் கூடாது.

லாரியில் குலுங்கி வந்த மிஷின். வெளியே தெரிகிற திருகுகளையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ சரியாக உட்கார்ந்திருக்கிறதா. இந்த ரப்பர் சின்ன விஷயம்தான், ஆனால் அதிர்வைத் தடுப்பது அதுதான். வருஷக்கணக்கில் அதிர்வை வாங்கிய கையில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். காட்டு வேலைக்காரர்களுக்கு வந்த இந்த நோயை 1960களில் ஐரோப்பாவில் ஆராய்ந்த பிறகுதான் கைப்பிடியை என்ஜினிலிருந்து பிரித்துத் தாங்கும் அமைப்பு பரவியது. தங்கச் சுரங்கத்தில் பாறையில் டிரில் பிடித்த கைகளும் இதே அதிர்வை வாங்கியவைதான். இந்த ஊரில் அந்தக் கைகள் எத்தனையோ.

செயினை மாட்டும்போது பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர் முனை பாரின் நுனியான மூக்கை நோக்கிப் போக வேண்டும். திருப்பி மாட்டினாலும் செயின் சுற்றும். மரத்தில் வைத்தால்தான் அறுக்காமல் புகையும். கூரியரில் வாங்கி வீட்டிலேயே பூட்டியவர்கள் ‘மிஷின் வெட்டலை’ என்று கொண்டுவரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்தப் பல்லைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். ஜோசப் காக்ஸ் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் செயினில் பற்கள் கைரம்பத்தில் இருப்பவை போல நேராக இருந்தன. வெட்டும் நேரத்தைவிடத் தீட்டும் நேரம் அதிகம். 1946இல் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை அவர் கவனித்தார். இழையோடும் போகிறது, இழைக்குக் குறுக்கேயும் போகிறது, அதற்கு ஒரு சிரமமும் இல்லை. இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டே போகின்றன. அந்தத் தாடையை இரும்பில் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் இருக்கும் செயினில் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வருவது அந்தப் புழுவிடமிருந்து வந்தது. ஒரு புழுவின் வாயை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதரை நினைத்தால், செயினை அவசரமாக மாட்ட மனம் வருவதில்லை.

இறுக்கம் பார்ப்பது தனி வேலை. பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடியே நட்டை முடுக்க வேண்டும். அடிப்பக்கம் செயின் தொங்கக் கூடாது, ஆனால் கையுறை போட்ட விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு சுற்றி வர வேண்டும். புதுச் செயின் ஓட ஓட நீளும். சூடாக இருக்கும்போது இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது சுருங்கி, ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் இழுத்துக்கொண்டே இருக்கும். வாங்குகிறவரிடம் நான் தவறாமல் சொல்வதில் இதுவும் ஒன்று.

*

கார்புரேட்டரில் மூன்று திருகுகள். ‘எல்’ மெதுவாக ஓடுவதற்கு, ‘ஹெச்’ முழு வேகத்துக்கு, மூன்றாவது ஐடிலை ஏற்றி இறக்க. புகை விதிகள் வந்தபின் பல மாடல்களில் எல்லுக்கும் ஹெச்சுக்கும் மூடி போட்டு, கொஞ்சத்துக்கு மேல் திரும்பாதபடி செய்திருக்கிறார்கள். விலை கூடியவற்றில் அந்தத் திருகுகளே கிடையாது. ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் இரண்டும் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் பங்காரப்பேட்டை, முல்பாகல், மாலூர் பக்கத்துத் தோப்புகளுக்குப் போகிறவை பெரும்பாலும் திருகு வைத்த சாதாரண மிஷின்கள்.

ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, செயின் பிரேக்கைப் போட்டு, தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் பூட்ஸ் முனையை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் பிரேக்கை எடுத்துச் சில நிமிஷம் சூடாக விட வேண்டும். குளிர்ந்த என்ஜினில் வைத்த டியூனிங் நிற்காது. பிறகு எல். ஐடில் எந்த இடத்தில் அதிகம் ஏறுகிறதோ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் ரிச் பக்கம் வந்து நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் திக்காமல் எழ வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்து, பக்கவாட்டில் சாய்த்து, ஐடில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தடியில் யாரும் மிஷினை மேஜைமேல் வைத்த மாதிரி பிடிக்கப் போவதில்லை.

கடைசியில் ஹெச். முழு வேகத்தில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் போகிற என்ஜின் இது. சுமை இல்லாமல் சில விநாடிகளுக்கு மேல் அப்படிப் பிடிக்கக் கூடாது. சரியான இடத்தில் திருகு இருந்தால், வெறுமனே ரேஸ் பண்ணும்போது சத்தத்தில் ஒரு படபடப்பு கேட்கும், லேசான தடுமாற்றம். கட்டையில் பாரை இறக்கியதும் அந்தப் படபடப்பு மறைந்து சத்தம் சீராகும். தூக்கினால் மறுபடி படபடக்கும். இந்தப் படபடப்பு இருக்கிறவரைக்கும் என்ஜினுக்குப் பயமில்லை. தேவைக்குச் சற்று மேலே பெட்ரோல் வருகிறது, பெட்ரோலோடு கலந்த ஆயிலும் வருகிறது, பிஸ்டன் நனைந்திருக்கிறது.

திருகை இன்னும் உள்ளே முறுக்கினால் படபடப்பு போய்விடும். சத்தம் மெலிந்து, உயர்ந்து, கேட்க அழகாக ஆகும். வாங்க வந்தவர் முகம் மலரும். ‘இன்னா ஸ்பீடு பாரு’ என்பார். அந்த அழகான சத்தத்தில்தான் பிஸ்டன் தீய்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், அதே சமயத்தில் ஆயிலும் குறையும். இரண்டும் சேர்ந்து, பிஸ்டனின் சைலன்ஸர் பக்கத்தில் கோடு விழும். ஒரு தொட்டி பெட்ரோல் முடிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சில மாடல்களில் வேகம் எல்லை மீறினால் இக்னிஷன் காயிலே தீப்பொறியைத் தடுத்துவிடும். அப்போது எழும் சத்தமும் ஏறக்குறைய இதே படபடப்புதான். அதைக் கேட்டு ரிச்சாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. டேக்கோமீட்டரை வைத்துச் சுற்றைப் பார்த்துவிட வேண்டும். புது என்ஜினை முதல் சில தொட்டிகளுக்கு ஒரு துளி ரிச்சாகவே கொடுக்கிறேன். கொஞ்சம் புகை வரும், வரட்டும்.

*

காதால் கேட்டுச் சோதிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. மைன்ஸில் வெடி வைத்த இடத்துக்குப் போகிறவர்கள் மேல்பாறையைக் கடப்பாரையால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்று வந்தால் பாறை கெட்டியாக இருக்கிறது. பொள்ளலாக வந்தால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது, தட்டி இறக்கிவிட்டுத்தான் அடியில் நிற்க வேண்டும். என் அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாகவே வெடித்துச் சிதறும். அதன் அதிர்ச்சி மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரைக்கும் வரும். ஓய்வு பெற்ற பின்னும் அவர் சுவரைக் கண்டால் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாய்வார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்தவர்களைப் பார்த்து வந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கொஞ்ச நேரம் நின்றுபோனால் அதில் உடனே ஆள் ஏற்ற மாட்டார்கள். ஒருமுறை வெறுங்கேஜை இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். கயிறும் பிரேக்கும் என்ஜினும் சரியாக இருப்பது தெரிந்த பிறகே மனிதர்கள் காலெடுத்து வைப்பார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் மூடும்வரை இந்த மண்ணிலிருந்து போன தங்கத்தின் கணக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஏறத்தாழ 800 டன். அந்த வெறுங்கேஜ் இறங்கி ஏறின தடவைகளை யார் கணக்கு வைத்தார்கள்? எனக்கு அது தங்கத்துக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

மைன்ஸ் மூடின பிறகும் பெமல் தொழிற்சாலை இருக்கிறது. புல்டோசர் வெளியே போவதற்கு முன் ஓட்டிச் சோதிக்கிற ஆட்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு புல்டோசருக்குக் கிடைக்கிற கவனம் ஆறு கிலோ மிஷினுக்கும் கிடைக்க வேண்டும். இதைப் பிடிப்பவர் உடம்பையும் செயினையும் பிரிப்பது சில அங்குலம்தான்.

*

பிரேக்.

முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. பாரின் மூக்கில் மேல்பாதி ஒரு கிளையில் பட்டால் போதும், மிஷின் அப்படியே முகத்தை நோக்கி எகிறும். ஆள் சுதாரிக்க அங்கே நேரமில்லை. முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தகடு அதற்காகத்தான் இருக்கிறது. இடது மணிக்கட்டு பட்டாலோ, எகிறும் வேகத்திலோ அது முன்னே சாய்ந்து பட்டை இறுகி, செயினை நிறுத்திவிடும்.

இதைப் பேச்சில் விளக்கிவிட்டு அனுப்பக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து, ஓடவிட்டு, மணிக்கட்டால் தகட்டைத் தள்ளிக் காட்டுகிறேன். செயின் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு போய் நின்றால் அந்த மிஷின் அன்று விற்பனைக்கு இல்லை. ஐடிலில் செயின் ஊர்ந்தாலும் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டோம் என்று நம்பிக் காலருகே தொங்கவிட்டு நடக்கிறவரின் தொடையை, ஊர்கிற செயின் கிழித்துவிடும். மேலே இருக்கிற பூட்டுக் கட்டையை அழுத்தாமல் ஆக்ஸிலேட்டர் அசையக் கூடாது. சுவிட்சை அணைத்தால் என்ஜின் உடனே நிற்க வேண்டும். இவை நான்கும் சரியாக இல்லாத மிஷின், எத்தனை நன்றாக அறுத்தாலும் எனக்கு வேண்டாம்.

செயின் ஆயில் வருகிறதா என்பதற்கு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, பாரின் மூக்கைப் படாமல் அதற்கு நேரே பிடித்து ரேஸ் பண்ணினால் போதும். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டைப் பார்க்கிறபோது ஒரு நிம்மதி. மிச்சம் வைத்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கின்றன. செயினில் ஒட்டாமல் தெறித்துவிடும். துணியிலும் தோலிலும் படும்.

*

இங்கே இந்த மிஷின்களுக்கு முக்கால்வாசி வேலை நீலகிரி மரத்தில். தமிழ்நாட்டில் தைல மரம் என்பார்கள். 1790 வாக்கில் திப்பு சுல்தான் நந்தி மலைத் தோட்டத்தில் வைத்ததுதான் இந்தியாவில் முதல் யூக்கலிப்டஸ் என்று வனவியல் நூல்கள் சொல்கின்றன. நந்தி மலை 2007 வரை கோலார் மாவட்டம்தான். 1980களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கேழ்வரகு விளைந்த மேட்டு நிலமெல்லாம் நீலகிரித் தோப்பாக மாறியது. ஏரிகள் வறண்டு, போர்வெல்கள் ஆயிரம் அடிக்கு மேல் போன பிறகு, 2017இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதைத் தடை செய்தது. தண்ணீர் வற்றியதற்கு இந்த மரம் மட்டுமே காரணமா என்பதில் வாதம் இருக்கிறது. தடை சரி என்பதே என் எண்ணம். ஏற்கெனவே நின்றவை நிற்கின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், சில வருஷத்தில் மறுபடி வெட்டுக்கு வரும்.

துளிர்க்க வேண்டுமென்றால் தரையை ஒட்டி, பட்டை கிழியாமல், தண்ணீர் தேங்காத சாய்வோடு வெட்ட வேண்டும். அங்கேதான் செயினுக்குக் கஷ்டம். அடிப்பட்டையில் மண் ஒட்டியிருக்கும். இந்தச் செம்மண்ணில் வெள்ளைக்கல் பொடி இருக்கிறது, பல்லைவிடக் கெட்டி. ஒருமுறை மண்ணில் இடித்தால் முனை மழுங்கிவிடும். மழுங்கியதற்கு அடையாளம் உண்டு. சீவலாகக் கொட்டின மரம் மாவாகக் கொட்டும். அப்போது அழுத்தாதீர்கள், நிறுத்தித் தீட்டுங்கள் என்று அரத்தைக் கையில் கொடுத்துக் காட்டுகிறேன். தீட்டத் தெரியாதவருக்கு மிஷின் விற்பதில் எனக்குத் திருப்தி இல்லை.

*

ஆடி மாதக் காற்று. சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்து ஊர்மேல் படிகிறது. பாறையைப் பொடித்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய கோடிக்கணக்கான டன் மண் அது. மாவைவிட நைசு. கடைக் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் எழுதலாம். புது மிஷினின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் ஓரம் சரியாக உட்காராத இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரியும். அந்த வழியாகத் தூசி உள்ளே போகிறது, பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கிறது. ஃபில்டரின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பொருத்துகிறேன்.

என்ஜினுக்குள் போகக் கூடாது என்று பார்க்கிற இதே தூசியைத்தான் மைன்ஸ் ஆட்கள் முப்பது நாற்பது வருஷம் சுவாசித்தார்கள். சிலிக்கோசிஸ் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட ஆரம்ப கால மருத்துவக் குறிப்புகள் இந்த ஊரிலிருந்து போனவை. லைன் வீடுகளில் இரவில் இருமல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

*

ஒரு பையன் வந்திருந்தான். மாரிக்குப்பத்திலிருந்து தினம் ரயிலில் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தவன். செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டு மாமாவோடு மரம் வெட்டப் போகிறானாம்.

“அண்ணா, புது மிஷின்தானே? பெட்டியோட குடுத்துடுங்க. ஆறு மணிக்கு லோடு இருக்குது.”

“அரை மணி நேரம் உட்காருப்பா. டீ சொல்றேன்.”

“ஆன்லைன்ல வாங்கினா யாரு இதெல்லாம் பாக்கறாங்க?”

“யாரும் பாக்கறதில்ல. அதான் சொல்றேன், உட்காரு.”

உட்கார்ந்தான். பிரேக்கைத் தள்ளச் சொன்னபோது கையை எடுத்துத் தள்ளப் பார்த்தான். கையை எடுக்காதே, மணிக்கட்டால் தள்ளு என்று பிடித்துக் காட்டினேன். மறுபடி, மறுபடி செய்யச் சொன்னேன். கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: “ஹெல்மெட் எவ்ளோ ஆவும்ணா?” வலை மறைப்பும் காது மூடியும் சேர்ந்த ஹெல்மெட்டை வாங்கின விலைக்கே கொடுத்தேன்.

டன் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம் பெரிய விஷயம். அது எனக்குத் தெரியும். ஆகவே இந்த நேரத்தை அவர்கள் கணக்கில் எழுதாமல், அவர்கள் வருவதற்கு முன்பே முடித்துவைக்கப் பார்க்கிறேன். பிரேக்கும் கயிறு இழுப்பதும் மட்டும் வாங்குகிறவர் கையால் நடக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

*

செயின் சா வாங்கப் போகிறவர்களுக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைக்காரரை உங்கள் எதிரே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் நிற்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது பிரேக்கைப் போடச் சொல்லுங்கள், பிறகு நீங்களே போட்டுப் பாருங்கள். அட்டையில் ஆயில் கோடு விழுகிறதா பாருங்கள். ஒரு கட்டையை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மில்லி ஆயில் என்று கேட்டு, டேங்க் மேல் பெயின்ட்டால் எழுதி வாங்குங்கள். இவற்றைச் செய்துகாட்ட நேரமில்லை என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.